ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்குக் கொலோனோஸ்கோபி: மாத்திரையை நிறுத்தலாமா?

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்து நாலு மாதம்தான் ஆகிறது, அடுத்த வாரம் கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை), ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையை இன்றே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சின்னச் சதை) எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் அதே குழாய் வழியாகவே கிளிப் போட்டு நிறுத்திவிடுவார்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தி, புது ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. இதய மருத்துவரும் கொலோனோஸ்கோபி செய்யும் எண்டோஸ்கோபி மருத்துவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு இது. அவசரமில்லை என்றால் தேதியையே தள்ளிவைக்கலாம், அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

சர்க்கரை மாத்திரையும் உண்டு என்றீர்கள். சாப்பாடில்லாத அந்த நாளில் எவ்வளவு போடுவது என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

குடலைச் சுத்தமாக்க முன்பே குடிக்கும் பேதி மருந்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வது வழக்கம். குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் குமட்டல் குறையும் (அந்த உப்புச் சுவை எனக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது). கடைசியில் போவது மஞ்சள் தண்ணீராக, அடி தெரியுமளவு தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் கூச்சப்படாமல் நர்ஸிடம் சொல்லுங்கள். மறைத்துவிட்டு உள்ளே போனால் சின்ன பாலிப் கண்ணில் படாமலே போகலாம்.

அப்புறம், பாலிப் எடுத்தால் 2 வாரம் வரைகூட ரத்தம் வரலாம். கட்டி கட்டியாக ரத்தம், கல் போல இறுகிய வயிறு, காய்ச்சல், இதில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.