ஒக்கவாங்கோவில் நீர்வழி வனவுலா: கேள்விகளும் பதில்களும்

போட்ஸ்வானாவின் வடமேற்கில் இருக்கும் ஒக்கவாங்கோ டெல்டாவின் நீர்முகாம்களுக்குச் செல்ல விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். அங்கே நீர் எப்போது வருகிறது, எங்கே போகிறது என்பதைச் சற்று விரிவாகவே விளக்கியிருக்கிறேன். ஏனெனில் எந்த மாதம் போவது, எந்த முகாமில் தங்குவது, எந்த விலங்கை எதிர்பார்ப்பது ஆகிய மூன்றையும் முடிவு செய்வது அந்த நீர்தான்.

கேள்வி: போட்ஸ்வானாவில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம் என்று படித்தேன். படகில் சுற்ற வேண்டுமென்றால் அப்போதுதானே போக வேண்டும்?

பதில்: பெரும்பாலோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் டெல்டாவை நிரப்புவது உள்ளூர் மழை அன்று. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் பெய்யும் மழை. அந்த நீர் குபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளாக இறங்கி ஒன்றுசேர்ந்து, நமீபியாவின் குறுகிய நிலப்பகுதியைக் கடந்து, மொஹெம்போ என்ற இடத்தில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அதன் பிறகு நிலத்தில் சரிவு என்பதே அரிது. ஏறத்தாழ 3,400 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர்தான் இறக்கம். அதனால் வெள்ளம் பாய்ந்து வருவதில்லை. கோரைகளுக்கு இடையே ஊறி, மணலை நனைத்து, ஒவ்வொரு பள்ளமாக நிரப்பிக்கொண்டு வருகிறது. ஜனவரி, பிப்ரவரியில் அங்கோலாவில் பெய்த மழை, டெல்டாவின் தென்விளிம்பில் இருக்கும் மவுன் நகரத்தை எட்டும்போது ஜூன் அல்லது ஜூலை ஆகிவிடுகிறது. வானத்தில் ஒரு மேகமும் இல்லாத, சுற்றிலும் நிலம் காய்ந்து கிடக்கிற குளிர்காலத்தில்தான் டெல்டா நிரம்பி நிற்கிறது.

படகுப் பயணத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரையே சிறந்த காலம் என்பது என் கருத்து. ஆயினும் எல்லா ஆண்டுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2019-இல் வரத்து மிகவும் குறைந்து, வழக்கமாகப் படகு செல்லும் பல வாய்க்கால்கள் வறண்டன. எனவே முன்பதிவு செய்யுமுன், அந்த முகாமைச் சுற்றி ஆண்டு முழுவதும் நிலைத்த நீர் உண்டா, வெள்ளக் காலத்தில் மட்டும் நீர் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தெளிவாக விடை சொல்லாத ஏற்பாட்டாளரிடம் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: அந்த நீர் கடலுக்குப் போவதில்லை என்கிறார்கள். அப்படியானால் டெல்டா உப்பளமாக மாறியிருக்க வேண்டுமே?

பதில்: மிக நல்ல கேள்வி. ஆண்டுதோறும் உள்ளே வரும் ஏறத்தாழ 1,100 கோடி கன மீட்டர் நீரில் பெரும்பகுதி ஆவியாகவும் தாவரங்கள் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது. மறுமுனையில் ஆறாக வெளியேறுவது மிகச் சிறு பங்கே. அப்படியும் வாய்க்காலில் ஓடுவது நன்னீர்தான். அதற்குக் காரணம் தீவுகளும் அவற்றில் நிற்கும் மரங்களும்.

பல தீவுகள் கறையான் புற்றிலிருந்து தொடங்கியவை. நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டிய புற்றின் மீது பறவை எச்சத்தில் வந்த விதை முளைக்கிறது, மரம் வளர்கிறது, அதைச் சுற்றி மண் சேர்கிறது. கரையோர மரங்கள் நிலத்தடி நீரை ஓயாமல் உறிஞ்சுவதால் சுற்றியுள்ள நீர் தீவின் அடிப்பகுதியை நோக்கி நகர, அது சுமந்து வந்த உப்பு நடுப்பகுதியின் கீழே தங்கிவிடுகிறது. படகிலிருந்து ஒரு தீவில் இறங்கி நடந்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். விளிம்பில் அத்தியும் கருங்காலி இன மரங்களும் அடர்ந்து நிற்கும். உள்ளே செல்லச் செல்லப் பனைகள். நடுவில் வெண்மை பூத்த பொட்டல், அதில் உப்பைத் தாங்கும் புல் மட்டுமே. வழிகாட்டியிடம் கேட்டு, ஒரு தீவையாவது விளிம்பிலிருந்து நடுவரை நடந்து பாருங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 65. மொக்கோரோவில் அவரை ஏற்றிச் செல்லலாமா? நீர்யானை கவிழ்த்துவிடும் என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: மொக்கோரோ என்பது ஒற்றை மரத்தைக் குடைந்து செய்யப்பட்ட ஒடுங்கிய தோணி. பின்புறம் நின்றபடி ஒருவர் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார். யெய் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கலை அது. பெருமரங்களை வெட்டாமல் காப்பதற்காக இப்போது முகாம்களில் அதே வடிவில் கண்ணாடியிழைத் தோணிகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. அந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

உங்கள் அச்சம் நியாயமானதே. பகலில் நீர்யானைகள் ஆழமான நீரில் கிடக்கும்; இரவில் கரையேறி மேயும். எனவே படகோட்டிகள் ஆழமான வாய்க்காலைத் தவிர்த்து, நீர்யானை மூழ்கி மறைய முடியாத ஆழமற்ற வெள்ளச் சமவெளியிலேயே தோணியைச் செலுத்துவார்கள். இருட்டிய பின் செல்லவே மாட்டார்கள். படகோட்டி திரும்பலாம் என்றால் திரும்ப வேண்டியதுதான். இன்னும் சற்று நெருங்கிப் போகலாம் என்று வற்புறுத்துவது பெருந்தவறு. கையை நீரில் அளையவிட வேண்டாம், முதலைகள் உண்டு. தாயாரைப் பொறுத்தவரை, உட்கார்ந்திருப்பதில் சிரமமில்லை. ஏறி இறங்குவதுதான் கடினம். நீர்மட்டத்தை ஒட்டித் தாழ உட்கார வேண்டியிருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இயந்திரப் படகே ஏற்றது.

கேள்வி: சிங்கம், சிறுத்தை எல்லாம் படகிலிருந்து தெரியுமா?

பதில்: அவற்றை நம்பி நீர்முகாமுக்குப் போகாதீர்கள். தற்செயலாகத் தெரியலாம், அவ்வளவுதான். அவற்றுக்கு மொரேமி காப்பகத்தின் தரைப்பகுதியோ குவாய் பகுதியோ ஏற்றவை. நீர்வழியில் யானைகள், நீரைத் தெறிக்கவிட்டுத் துள்ளி ஓடும் செந்நிற லெச்வே மான்கள், நல்வாய்ப்பு இருந்தால் பாப்பிரஸ் கோரைக்குள் ஒளிந்து வாழும் சிட்டாட்டுங்கா மான் ஆகியவற்றைக் காணலாம்.

கேள்வி: பெரிய விலங்குகள் இல்லையென்றால் ஒரு காலை முழுவதும் தோணியில் எதைப் பார்ப்பது?

பதில்: தோணி ஓசையின்றிச் செல்வதால், வண்டியிலிருந்து ஒருபோதும் பார்க்க முடியாதவை கைக்கெட்டும் தூரத்தில் வருகின்றன. நாணல் தண்டில் கட்டைவிரல் நுனியளவுள்ள தவளை ஒன்று கால்களை ஒடுக்கி ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் அதன் உடல் வெளிறி வெண்மையாகிவிடும். அல்லி இலைகளின் மீது நீண்ட விரல்களைப் பரப்பி இலைக்கோழி நடக்கும். இந்த இனத்தில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண் பறவையே. ஆபத்து என்றால் அது குஞ்சுகளைச் சிறகடியில் அள்ளிக்கொண்டு எழுந்து நடக்க, அவற்றின் மெல்லிய கால்கள் மட்டும் வெளியே தொங்கும். முதல் பார்வையில் அந்தப் பறவைக்கு எட்டுக் கால்களோ என்று திகைப்போம். ஆப்பிரிக்க மீன்கழுகின் கூவல் அநேகமாக நாள்தோறும் கேட்கும். கரையோரப் பெருமரங்களில் பகலில் தூங்கும் பெல் மீன் ஆந்தையைக் காண்பதற்காகவே உலகின் பல மூலைகளிலிருந்து பறவை ஆர்வலர்கள் வருகிறார்கள். நல்ல இருகண் தொலைநோக்கி ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பெட்டி, உணவு, மருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: மவுனிலிருந்து சிறு விமானத்தில்தான் பெரும்பாலும் போக வேண்டும், கைப்பை உட்படப் பொதுவாக 20 கிலோ, அதுவும் சக்கரமில்லாத மென்துணிப் பைகளில். மரக்கறி உணவு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் வாங்கி வரக் கடை இல்லை. அது மலேரியாப் பகுதி என்பதால் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஜூலை இரவுகளிலும் விடியற்காலைத் தோணிப் பயணத்திலும் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளி உடை அவசியம்.

கேள்வி: இவ்வளவு கட்டணம் ஏன்? நடுத்தரக் குடும்பத்துக்கு வழியே இல்லையா?

பதில்: குறைந்த பயணிகள், கூடுதல் வருவாய் என்பது போட்ஸ்வானா அரசு திட்டமிட்டே எடுத்த கொள்கை. அதனால்தான் ஒரு வாய்க்காலில் பத்துப் படகுகள் முட்டிக்கொள்வதில்லை. அதே வேளையில் வழி முற்றிலும் அடைபட்டுவிடவும் இல்லை. மவுனில் தங்கிக்கொண்டு, அருகிலுள்ள போரோ கிராமத்துப் படகோட்டிகளுடன் ஒரு நாள் மொக்கோரோப் பயணமோ, தீவில் கூடாரம் அடித்து ஓரிரு இரவுகளோ செல்லலாம். கட்டணம் பல மடங்கு குறைவு. பணமும் நேராக அந்த ஊராருக்குப் போகிறது. விலங்குகள் குறைவாகத் தெரியும், ஆனால் நீரும் தீவும் பறவையும் அங்கேயும் உண்டு.

கேள்வி: 2014-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்துவிட்டது. இனி ஆபத்தில்லைதானே?

பதில்: அந்தப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்ந்தது ஒக்கவாங்கோ. ஆனால் அந்த அறிவிப்பின் எல்லை போட்ஸ்வானாவுக்குள் முடிந்துவிடுகிறது. நீர் பிறப்பதோ அங்கோலாவில். மேலே பெரிய அணை கட்டினாலோ, பாசனத்துக்கு அதிகமாக இறைத்தாலோ, வெள்ளத்தின் அளவும் அது வரும் காலமும் மாறும். அங்கோலா, நமீபியா, போட்ஸ்வானா ஆகிய மூன்று நாடுகளும் 1994-இல் கூட்டு ஆணையம் ஒன்றை அமைத்து இதைப் பேசி வருகின்றன. அந்தப் பேச்சு முறியாமல் இருப்பதுதான் எந்தப் பட்டியலையும்விடப் பெரிய பாதுகாப்பு.

கேள்வி: மொத்தம் ஐந்து இரவுகள்தான் கிடைக்கும். எப்படிப் பிரிப்பது?

பதில்: மூன்று இரவுகளை நீர்முகாமிலும் இரண்டை மொரேமி அல்லது குவாயின் தரைமுகாமிலும் கழியுங்கள். நீர்முகாமை முதலில் வையுங்கள். தரைமுகாமில் சிங்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தோணியிலும் அதையே தேடி, அருகில் இருப்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள்.