ராபன் இடதுகாலுக்குத்தான் மாறுவார் என்று ஊருக்கே தெரியும். பிறகு ஏன் தடுக்க முடியவில்லை?

கேள்வி இதுதான்: நெதர்லாந்து கால்பந்து ஆட்டக்காரர் ஆர்யென் ராபன் வலது விங்கில், அதாவது மைதானத்தின் வலது ஓரத்தில், பந்தை வாங்குவார், உள்ளே வெட்டுவார், இடதுகாலால் சுழற்றி தூரத்து கோல் போஸ்ட் பக்கம் அடிப்பார். பத்து வருடம் இதையேதான் செய்தார். எதிரணிக்கும் தெரியும், டிவி பார்க்கிறவனுக்கும் தெரியும். அப்படியும் ஏன் யாராலும் தடுக்க முடியவில்லை?

முதலில் ஒரு திருத்தம். தடுத்தார்கள், நிறையவே தடுத்தார்கள். நாம் பார்ப்பதெல்லாம் கோல் தொகுப்பு வீடியோக்கள். ஷாட் டிஃபெண்டரின் முட்டியில் பட்டு கார்னருக்குப் போனதை எல்லாம் அதில் யாரும் சேர்ப்பதில்லை. ஒரு மேட்ச்சை முழுசாக உட்கார்ந்து பார்த்தால், திரும்பத் திரும்ப அதே வேலையை முயன்றுகொண்டே இருப்பார், பாதிக்கு மேல் வீணாகும். ஒன்று பலித்தால் மேட்ச் முடிந்தது.

அந்த ஒன்று ஏன் பலித்தது என்பதற்கு லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்து டிஃபெண்டர், நிற்கும் இடத்திலிருந்து பதில் சொல்கிறேன். கல்லூரி அணியில் நான் ஆடிய இடம் அது. ராபன் தரத்தில் எவனையும் சந்தித்ததில்லை, ஆனால் இடதுகால்காரன் ஒருவன் வலது விங்கில் வந்து நின்றால் வயிற்றைக் கலக்குவது எனக்குத் தெரியும். லெஃப்ட் பேக் பெரும்பாலும் இடதுகால் ஆட்டக்காரன். கோட்டோரமாக ஓடுகிற விங்கர் அவனுடைய நல்ல காலின் பக்கம் வருகிறான். உள்ளே வெட்டுகிறவனோ அவனுடைய மட்டமான வலதுகாலின் பக்கம் போகிறான். வருகிறான் என்று முன்கூட்டியே தெரிந்தாலும் நீட்ட வேண்டியது அந்தக் காலைத்தான்.

2013 மே 1, பார்சலோனா மைதானத்தில் ராபனின் பேயர்ன் மியூனிக் அணி ஆடிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். இடைவேளை முடிந்து சில நிமிடங்களில், இடதுபக்கத்திலிருந்து அலாபா மைதானத்துக்குக் குறுக்கே நீளமாக ஒரு பந்து அனுப்புகிறார். வலது ஓரத்தில் ராபன் அதை அடக்குகிறார். எதிரே பார்சலோனாவின் லெஃப்ட் பேக் ஆட்ரியானோ. கேமரா எல்லோரையும் ராபனைப் பார்க்கச் சொல்லும், நீங்கள் ஆட்ரியானோவின் கால்களைப் பாருங்கள். வெளியே போகவும் வழி விடக்கூடாது, உள்ளே போகவும் விடக்கூடாது என்று பக்கவாட்டில் திரும்பிப் பின்வாங்குகிறார். ராபன் உள்ளே திரும்பியதும் ஆட்ரியானோவும் உடம்பைத் திருப்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு எடுக்கும் நேரம்தான் ராபனுக்குத் தேவை. அடுத்த கணம் பந்து தூரத்து மூலையில் இருக்கிறது.

இன்னொரு விஷயம், அவர் பந்தைத் தொடும் விதம். பெரிய தொடுதலாகத் தள்ளிவிட்டுத் துரத்துகிற விங்கர் என்றால் இரண்டு தொடுதலுக்கு நடுவே காலை விடலாம். ராபன் வேகமாக ஓடும்போதும் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் இடதுகாலின் வெளிப்பக்கத்தால் பந்தைத் தொட்டுக்கொண்டே போவார். அதனால் எந்த எட்டில் வேண்டுமானாலும் அடிக்கலாம். காலைப் பின்னுக்கு ஓங்குவதும் குறைவு என்பதால் முன்னறிவிப்பே கிடைக்காது. பாக்ஸ் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்ட்டி பகுதி) விளிம்பில் குறுக்கே ஓடும்போது கோல்கீப்பருக்கும் அவருக்கும் நடுவே டிஃபெண்டர்களின் உடம்புகள் வேறு. பாக்ஸுக்குள் தப்பாகக் கால் நீட்டினால் பெனால்ட்டி. அப்படியே அவரை உள்ளே விடாமல் நின்றுவிட்டால், பின்னாலிருந்து பேயர்னின் ரைட் பேக் பிலிப் லாம் ஓடிவந்து வெளிப்பக்கத்தில் காலியாக நிற்பார். உதவிக்கு இன்னொரு ஆளை அனுப்பினால் அந்தப் பக்கம், இடது விங்கில், ரிபெரி காலி. அதாவது என்ன செய்வார் என்பது தெரியும், எப்போது செய்வார் என்பது தெரியாது, அவரை அடைத்தால் மற்ற இடம் திறந்துவிடும்.

இந்த வேலையோடு அவர் பிறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். ராபன் 1984-இல் நெதர்லாந்தின் வடக்கே க்ரோனிங்கன் அருகே பேடும் என்ற சிற்றூரில் பிறந்தவர். 2000-இல் க்ரோனிங்கன் அணியில் இறங்கியபோதும், 2002-இல் பிஎஸ்வி அணிக்குப் போனபோதும் அவர் முக்கியமாக இடது விங்கர். இடதுகால்காரன் இடதுபக்கம், கோட்டோரம் ஓடி கிராஸ் போடுவது, அவ்வளவுதான். 2004-இல் மொரினியோ பயிற்சியாளராக இருந்த இங்கிலாந்தின் செல்சி அணிக்குப் போனார். அங்கே டேமியன் டஃப்பும் இடதுகால்காரர் என்பதால் இருவரும் பக்கம் மாற்றி மாற்றி ஆடியதுண்டு. 2005, 2006 இரண்டு வருடமும் லீக் பட்டம். 2007-இல் சுமார் 3.5 கோடி யூரோவுக்கு ரியல் மாட்ரிட், அங்கேயும் முதல் வருடமே லீக் பட்டம். 2009 கோடையில் ரொனால்டோவும் காக்காவும் வந்ததும், இவருக்கு இனி இடமில்லை என்றார்கள். சுமார் 2.5 கோடி யூரோவுக்கு பேயர்ன் மியூனிக்கிடம் விற்றார்கள். மாட்ரிட் இந்த விஷயத்தில் அவசரப்பட்டது என்பது என் கருத்து.

பேயர்னில் பயிற்சியாளர் லூயி வான் கால். வலதுகால் ரிபெரி இடது பக்கம், இடதுகால் ராபன் வலது பக்கம் என்று நிரந்தரமாக நிறுத்தியது அவர்தான். ராபன் வந்து சேர்ந்த மறுநாள், ஆகஸ்ட் 29, வோல்ஃப்ஸ்பர்க்குடன் ஆட்டம். இடைவேளைக்குப் பிறகு இறங்கினார், இரண்டு கோல் அடித்தார், இரண்டுக்கும் பந்து கொடுத்தவர் ரிபெரி. அப்போது ராபனுக்கு வயது 25. நீங்கள் கேட்கிற அந்த ‘ராபன் கோல்’ உலகத்துக்கு அறிமுகமானதே பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

அடுத்த வசந்த காலம் முழுக்க அவர் ராஜ்ஜியம். சாம்பியன்ஸ் லீக்கில் ஃபியோரென்டினாவிடம் 2-3 என்று தோற்றும், தூரத்திலிருந்து அவர் அடித்த கோலால், அப்போதிருந்த வெளியூர் கோல் விதியில் (இரண்டு ஆட்டத்தின் மொத்தமும் சமமானால், எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்தவருக்கு வெற்றி) பேயர்ன் அடுத்த சுற்றுக்குப் போனது. அடுத்து மான்செஸ்டர் யுனைடெட் மைதானம். பேயர்ன் 0-3 என்று பின்தங்கியிருந்தது. ஓலிச் ஒன்றைத் திருப்பினார். அப்புறம் ஒரு கார்னர். எல்லோரும் கோல் வாயில் குவிந்திருக்க, ரிபெரி அடித்த பந்து பாக்ஸ் விளிம்பில் தனியாக நின்ற ராபனிடம் அந்தரத்திலேயே வந்தது. தரையில் விழவிடாமல் அப்படியே அடித்தார், தூரத்து மூலையில் தாழ்வாகப் போய் விழுந்தது. அதுவும் 2-3 தோல்விதான், அதுவும் வெளியூர் கோலில் வெற்றி. இந்தக் கோலில் வெட்டும் இல்லை, சுழற்றலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மிகப் பெரிய மேட்ச்களில் எதிரணி அந்த ஒரு வழியை அடைத்தபோது அவர் வேறு வழியில் வந்தார். என் பதிலின் பாதி இதுதான்.

இறுதியில் இண்டரிடம் தோல்வி. அடுத்து உலகக் கோப்பை. கிளம்புவதற்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் ஹங்கேரிக்கு எதிராகத் தொடையின் பின்தசையில் காயம். அந்த ஹாம்ஸ்ட்ரிங்தான் அவர் வாழ்க்கை முழுக்கக் கூட வந்த எதிரி. முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நிறுத்தி, திரும்பி, மறுபடி முழு வேகம் எடுக்கும் ஆட்டம் அவருடையது. எந்த அசைவு டிஃபெண்டரை நிலைகுலைய வைத்ததோ அதுவே அவருடைய தசையையும் கிழித்தது. கண்ணாடிக் கால் என்று கேலி செய்தவர்கள் இதை யோசித்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் தாமதமாக வந்து சேர்ந்தும் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக அச்சு அசலான ராபன் கோல் ஒன்று, உருகுவேக்கு எதிராக அரையிறுதியில் தலையால் ஒன்று. இறுதி ஆட்டத்தில் ஸ்னைடர் கொடுத்த பந்தோடு தனியாக ஸ்பெயின் கோல்கீப்பர் கஸியாஸ் முன் வந்து நின்றார். கஸியாஸ் ஒரு பக்கம் விழுந்துகொண்டே நீட்டிய கால் நுனியில் பட்டு பந்து வெளியே போனது. கூடுதல் நேரத்தில் இனியெஸ்டா அடித்து ஸ்பெயின் கோப்பை வாங்கியது. ஊர் திரும்பியதும் பரிசோதித்தால் காயம் ஆறவே இல்லை. பாதி சீசன் போனது. பேயர்ன் நெதர்லாந்து சங்கத்தின் மேல் கோபப்பட்டு, கடைசியில் நஷ்டஈடாக ஒரு நட்பு ஆட்டம் என்று முடிவானது.

அந்த நட்பு ஆட்டம் வந்த நேரம் இருக்கிறதே, அதைவிட மோசமாக அமைந்திருக்க முடியாது. 2012 ஏப்ரலில் டோர்ட்முண்டுக்கு எதிராக ராபன் பெனால்ட்டியை கோல்கீப்பர் வைடன்ஃபெல்லர் பிடித்தார், லீக் கை நழுவியது. ஜெர்மன் கோப்பை இறுதியில் அதே டோர்ட்முண்ட் 5-2. மே 19, சொந்த ஊர் மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரே பழைய அணி செல்சி. கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்ட்டியை ராபன் அடித்தார், செல்சி கோல்கீப்பர் பீட்டர் செக் தடுத்தார். கடைசியில் டைபிரேக்கரில் செல்சி வென்றது. மூன்று கோப்பையிலும் இரண்டாம் இடம். மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் அந்த நட்பு ஆட்டம், நெதர்லாந்து சட்டையில் ராபன். பந்தைத் தொட்டபோதெல்லாம் பேயர்ன் ரசிகர்களே விசிலடித்து ஏசினார்கள். எனக்கு அது இன்றும் ஜீரணமாகவில்லை. பெனால்ட்டி அடிக்க முன்வந்தவனுக்குத்தான் தவறவிடும் வாய்ப்பும் உண்டு.

அடுத்த சீசனில் பெரும்பகுதி அவருக்கு பெஞ்ச்தான். சக ஆட்டக்காரர் க்ரூஸ் காயப்பட்டதால்தான் ஏப்ரலில் மறுபடி நிரந்தர இடம் கிடைத்தது. பார்சலோனாவை இரண்டு ஆட்டத்தில் 7-0 என்று தோற்கடித்ததில் இரண்டிலும் கோல் அடித்தார். மே 25, வெம்ப்லி, மறுபடி டோர்ட்முண்ட், மறுபடி வைடன்ஃபெல்லர். இந்தியாவில் நள்ளிரவு தாண்டித் தொடங்கிய மேட்ச் அது. முதல் பாதியில் ராபன் நல்ல வாய்ப்புகளை வீணடித்தார். ஒரு ஷாட் கீப்பரின் முகத்திலேயே பட்டது. ‘போச்சுடா, இவன் இன்றைக்கும் கெடுக்கப் போகிறான்’ என்று என்னுடன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும்தான். அப்புறம் மான்ஜுகிச்சின் கோலுக்குப் பந்து கொடுத்தார். குண்டோகன் பெனால்ட்டியில் சமன் செய்தார். 89-ஆவது நிமிடம், பின்னாலிருந்து போவடெங் தூக்கி அடித்த பந்தை கோலுக்கு முதுகு காட்டி நின்ற ரிபெரி குதிகாலால் தட்டிவிட்டார். டிஃபெண்டர்கள் நடுவே ராபன் புகுந்தார். ஓங்கி அடிக்கவில்லை. கீப்பர் ஒரு பக்கம் சாய, மறு பக்கமாக இடதுகாலால் மெல்லத் தட்டினார். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு உள்ளே போனது. அவர் வாழ்க்கையின் ஆகப் பெரிய கோல் நடுவழியே ஓடிவந்து தட்டிய கோல்.

2014 உலகக் கோப்பையிலும் அப்படியே. ஸ்பெயினை 5-1 என்று நொறுக்கிய ஆட்டத்தில் அவருக்கு இரண்டு. இரண்டாவதில் தனக்கு முன்னால் ஓடத் தொடங்கிய ராமோஸைத் தாண்டிப் போய், கஸியாஸைத் தவழ வைத்து அடித்தார். அப்போது வயது 30. மெக்சிகோவுடனான ஆட்டத்தில் விழுந்து நடித்தாரா என்று கேட்பார்கள். முதல் பாதியில் ஒருமுறை வேண்டுமென்றே விழுந்ததை அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கடைசி நிமிடப் பெனால்ட்டியில் மார்க்கேஸின் கால் பட்டது, ராபன் விழுந்த விதம் மிகை. இரண்டும் உண்மை. விழுகிற பழக்கத்தை நான் ரசித்ததே இல்லை.

நெதர்லாந்துக்கு 96 ஆட்டம், 37 கோல். கடைசி ஆட்டத்தில், 2017-இல் ஸ்வீடனுக்கு எதிராக, அணியின் இரண்டு கோலும் அவருடையது. அப்படியும் அடுத்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. பேயர்னில் பத்து வருடத்தில் எட்டு லீக் பட்டம். 2019 மே மாதம், கடைசி லீக் ஆட்டத்தில் அவரும் ரிபெரியும் மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கி ஆளுக்கொரு கோல் அடித்துவிட்டுப் போனார்கள்.

ஓய்வு அறிவித்தபின் கொரோனா காலத்தில் க்ரோனிங்கன் சிக்கலில் இருக்கிறது என்று 36 வயதில் மறுபடி ஆட வந்தார். முதல் ஆட்டம் பழைய அணியான பிஎஸ்வியுடன், முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியேறினார். அந்த சீசன் முழுக்க ஏழு ஆட்டம்தான் ஆட முடிந்தது. 2021 ஜூலையில் மொத்தமாக விட்டார். மறு வருடம் ரோட்டர்டாமில் முழு மாரத்தான் ஓடினார், மூன்றேகால் மணி நேரத்துக்குள்.