ஒரே நாளில் இரண்டு அளவு, எந்த லேப் தப்பு?

கேள்வி: எல்.எச். ஹார்மோன் பார்க்க ஒரே நாளில் இரண்டு லேபில் ரத்தம் கொடுத்தேன். காலை 8 மணிக்கு 5, பத்தரைக்கு 9 என்று வந்திருக்கிறது. எதை நம்புவது? ஹார்மோன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து துடிக்கும் என்றும் படித்தேன். அதை எப்படி அளக்கிறார்கள்?
- ஒரு வாசகி

பதில்: இரண்டு லேபுமே சரியாகச் செய்திருக்கலாம், பயப்படாதீர்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கருமுட்டையை வெளியேற வைக்கும் இந்த எல்.எச்.சை விட்டு விட்டுத்தான் வெளியே விடுகிறது. கருமுட்டை வெளியாவதற்கு முந்தைய நாட்களில் சுமார் 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிந்தைய நாட்களில் இன்னும் நிதானமாக. ஊசி குத்திய நிமிடத்தில் ஏற்றமா இறக்கமா என்பது குத்தியவருக்கும் தெரியாது.

இந்த விட்டு விட்டு வருவதில்தான் விஷயமே இருக்கிறது. 1978இல் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர், மூளையிலிருந்து ஜி.என்.ஆர்.எச். (எல்.எச்.சை வெளியே விடும்படி பிட்யூட்டரிக்குக் கட்டளையிடும் ஹார்மோன்) வராதபடி செய்த ரீசஸ் குரங்குகளுக்கு அதை மணிக்கு ஒரு தடவை, 6 நிமிடம் மட்டும் ஏற்றினார்கள், எல்.எச். திரும்ப வந்தது. அதையே இடைவிடாமல் ஏற்றினால் அடங்கிப்போனது! ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைப்பதும் எல்.எச்.தான்; புராஸ்டேட் புற்றுநோய்க்கு இன்று போடும் சில ஊசிகள் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பது இந்த வழியில்தான்.

சரி, எப்படி அளப்பது? கையில் ஊசிக்குழாயைப் பொருத்திவிட்டு 10 நிமிடத்துக்கு ஒரு தடவை, 8 மணி நேரம், கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுப்பார்கள். 48 குழாய்களையும் ஒன்றாகவே பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் கருவியில் வரும் வித்தியாசமே துடிப்பு மாதிரி தெரியும். பரிசோதனையின் வழக்கமான பிழையைத் தெளிவாகத் தாண்டிய ஏற்றம்தான் கணக்கில் சேரும்.

சேர்ந்து துடிக்கிறதா என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டு ஹார்மோனுக்கும் 8 உச்சம் என்று வையுங்கள். முன்னே பின்னே ஒரு குழாய் தள்ளி வந்தாலும் பொருத்தம் என்று ஒத்துக்கொண்டால், ஒன்றின் 8 உச்சமும் தலைக்கு மூன்றாக 24 குழாய்களை, அதாவது சரிபாதியைப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாவிட்டாலும் நாலு உச்சம் தற்செயலாகவே பொருந்திவிடும்! ஆகவே எட்டில் நாலு பொருந்தியது என்று யாராவது சொன்னால் அதில் ஒன்றுமே இல்லை. எட்டும் பொருந்தினால் உட்கார்ந்து கேட்கலாம்.

ஜி.என்.ஆர்.எச். சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுவதால் கை ரத்தத்தில் அதைப் பிடிக்க முடியாது. 1982இல் ஆஸ்திரேலியாவில் இயன் கிளார்க்கும் கம்மின்ஸும், சினைப்பை அகற்றிய செம்மறி ஆடுகளில், மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு இறங்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்தே மாதிரி எடுத்தார்கள். எல்.எச். துடித்தபோதெல்லாம் கூடவே ஜி.என்.ஆர்.எச். துடிப்பும் இருந்தது. பிட்யூட்டரி விடும் இன்னொரு ஹார்மோனான, சினைப்பையில் கருமுட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச்.சுக்கும் கட்டளை அதே இடத்திலிருந்துதான், ஆனால் அது ரத்தத்தில் பல மணி நேரம் தங்குவதால் அதன் அலைகள் மங்கிப்போகும்.

உங்கள் ரிப்போர்ட் இரண்டிலும் ரத்தம் எடுத்த நேரத்தையும், மாதவிடாய் தொடங்கி எத்தனையாவது நாள் என்பதையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மறுபடி பார்க்கச் சொன்னால், ஒரே லேபிலேயே கொடுங்கள்.