வார இறுதியில் வீட்டுக்கு அருகிலேயே ஃபோர்வீல் வாகனத்தில் போய் முகாமிடுவது பயன் தருமா? எப்படித் தொடங்குவது?

தரும். தூரப் பயணம் தருவதைவிட அதிகமாகவே தரும் என்பது என் உறுதியான கருத்து. கேட்டவர் ராவாங்கில் இருக்கிறார். கையில் பழைய பெரோடுவா கெம்பாரா என்ற சிறிய ஃபோர்வீல் வண்டி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். தாமான் நெகாரா தேசியப் பூங்கா வரை போனால்தான் அது பயணம் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். நான் பத்தாங் காலியில் வளர்ந்தவன், இன்றும் இங்கேதான் குடியிருக்கிறேன். உலு சிலாங்கூர் மாவட்டத்தின் தோட்டச் சாலைகளும் ஆற்றங்கரைகளும் எனக்குப் பழக்கமானவை. அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

அருகில் போவதன் பெரிய பலம், நினைத்த நேரத்தில் திரும்பிவிட முடிவதுதான். ஐந்தாறு மணி நேரம் ஓட்டி, டோல் கட்டி, விடுப்பும் எடுத்துக்கொண்டு போனவருக்கு மேகம் கறுத்தாலும் கூடாரத்தைச் சுருட்ட மனம் வராது. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற நினைப்பு காட்டில் மிகவும் பொல்லாதது. வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருப்பவர் கறியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி எடுத்துவந்து வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை மீண்டும் போகலாம். என் வீட்டில் பிள்ளைகளும் இதற்குப் பழகிவிட்டார்கள். வானத்தைப் பார்த்து "அப்பா, இன்றைக்கு வேண்டாம்" என்று அவர்களே சொல்கிறார்கள். அவர்கள் கற்றதில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2022 டிசம்பர் 16, விடியற்காலை மூன்று மணி ஆகும் முன்பே, கெந்திங் மலைக்குப் போகும் பாதையோரப் பண்ணை ஒன்றில் இருந்த முகாம் தளத்தின்மேல் மலைச்சரிவு இறங்கியது. 31 பேர் இறந்தார்கள். 61 பேர் உயிர் தப்பினார்கள். பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் குழந்தைகளோடு குடும்பமாக வந்து தங்கியிருந்தவர்கள் பலர். அந்த இடத்தில் முகாம் நடத்த அனுமதியே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. முந்தைய நாள்களில் பெய்த மழையெல்லாம் மண்ணுக்குள் இறங்கிச் சேர்ந்ததே சரிவுக்குக் காரணம் என்று ஆய்வு சொன்னது. ஆகவே இன்றைக்கு வானம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. வாரம் முழுவதும் மழை பெய்திருந்தால், சனிக்கிழமை வெயில் அடித்தாலும் சரிவுக்குக் கீழே படுக்காதீர்கள். மேலே சாலை வெட்டியிருக்கும் சரிவு, மண்ணில் புதிதாக விழுந்த வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் மரங்கள், சரிவிலிருந்து புதிதாகக் கசியும் கலங்கல் நீர் ஆகிய இவற்றில் எதைக் கண்டாலும் வேறு இடம் பாருங்கள். கட்டணம் வாங்கும் தளமாக இருந்தால், ஊராட்சி மன்றத்தின் உரிமம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் மழுப்பலாக வந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

ஆறு இன்னொரு பாடம். எங்கள் மாவட்டத்தின் தலைநகரான கோல குபு பாரு, பெயரிலேயே புது ஊர் ('பாரு' என்றால் மலாயில் புதியது). பழைய ஊரின் அணை 1883-இல் உடைந்து பெருநாசம் விளைந்தது. அதற்குப் பிறகும் ஈய வயல்களின் மணல் ஆற்றை நிரப்ப, வெள்ளம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. கடைசியில், 1931-ஆம் ஆண்டு வாக்கில், ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். ஓர் ஊரையே எழுப்பி நடக்கவைத்த ஆற்றின் கரையில்தான் நாம் கூடாரம் அடிக்கிறோம். மலையில் பெய்த மழை கீழே நமக்குத் தெரியாது. தெளிந்து ஓடிய நீர் திடீரெனக் கலங்குவது, காய்ந்த இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது எல்லாம் 'கெப்பாலா ஆயர்' என்ற திடீர் வெள்ளப் பெருக்கு வருவதற்கான அறிகுறிகள். அப்போது சாமான்களை எடுக்க நிற்கக் கூடாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும்.

என் தகப்பனார் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். இடம் பார்க்க அவர் சொல்லிக்கொடுத்த வழியை இன்றும் பின்பற்றுகிறேன். "தண்ணீர் இப்போது எங்கே ஓடுகிறது என்று பார்க்காதே, குப்பை எந்தக் கிளையில் தொங்குகிறது என்று பார்" என்பார். புதர்களிலும் தாழ்ந்த கிளைகளிலும் சிக்கியிருக்கும் பிளாஸ்டிக் பையும் வைக்கோல் போன்ற சருகும் போன வெள்ளத்தின் உயரத்தைக் காட்டிக்கொடுக்கும். கூடாரம் அதற்கும் மேலே நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். கிளம்பும் முன் வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியையும், வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் தளத்தையும் பார்த்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வழக்கம். மூன்று மணிக்குள் கூடாரம் கட்டி முடித்துவிடுவது நல்லது.

தோட்டச் சாலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு அவை சொந்த வீட்டு வாசல் மாதிரி தோன்றும். தாத்தா பால் வெட்டிய தோட்டம், பாட்டி ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த இடம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்று அது ஒரு நிறுவனத்தின் நிலம். அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, நிர்வாகியின் அனுமதியோடு போங்கள். காவல் கொட்டகையில் அடையாள அட்டையைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் இடங்களில் வண்டியை நிறுத்தாதீர்கள். விடிந்ததும் டிராக்டர் வந்துவிடும். செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெட்டிய மட்டைகளை அடுக்கிவைத்திருப்பார்கள். அந்தக் குவியலின் அருகில் ஒருபோதும் படுக்காதீர்கள். உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்ன எலி வரும், எலியைத் தேடி நாகம் வரும். தேளும் அங்கேதான் குடியிருக்கும். எலியைப் பிடிப்பதற்கென்றே பல தோட்டங்களில் ஆந்தைகளுக்குக் கம்பத்தில் பெட்டி கட்டிவைத்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தோட்டத்து ஓடை நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். களைக்கொல்லி கலந்திருக்கலாம், எலிச் சிறுநீரால் பரவும் நோயும் உண்டு. காலில் புண் இருக்கும் பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகளுக்குப் போய்விட்ட பிறகு, பால்மரத்தைத் தொட்டுப் பார்க்காத ஒரு தலைமுறை நம்மிடையே வளர்கிறது. முகாமுக்குப் போகும்போது வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். எந்தத் தீம்பாரில் (பால்மரக் காட்டில்) வேலை செய்தார்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம் எங்கே இருந்தது, கோயில் திருவிழாவுக்குக் காவடி எந்த வழியாக வந்தது என்று சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி அவர்கள் காட்டுவதைத் தாமான் நெகாராவில் யாரும் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டப் போவதில்லை. எனக்கு முகாமின் பாதி மகிழ்ச்சி இதில்தான்.

தோட்ட எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் நிரந்தர வனக் காப்பகம். அதற்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். 1984-ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, அனுமதியில்லாமல் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. 'எல்லாரும்தான் போகிறார்கள்' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

இனி வண்டி. 1998-இல் அறிமுகமான கெம்பாராவைக் குறைவாக நினைக்காதீர்கள். எடை குறைவு, உடல் குறுகல், நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கும். உதிரிப் பாகமும் கிடைக்கும். ஆனால் ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்கப் வண்டிகளில் உள்ள, மெதுவாகப் பலமாக இழுக்க உதவும் 'ஃபோர் லோ' கியர் அதில் இல்லை. ஆகவே செங்குத்தான ஏற்ற இறக்கம் அதற்கு வேண்டாம். செம்மண் சாலை காய்ந்திருக்கும்போது எந்தக் காரும் போகும். ஒரு மழை பெய்தால் களிமண் டயரின் பள்ளங்களை அடைத்து, டயர் மொட்டையாகிவிடும். அப்போது காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து பிடிக்கும். தார்ச் சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். இறக்கத்தில் கிளட்சை மிதிக்காமல் முதல் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடுங்கள். ஓடையைக் கடக்கும் முன் கோலை ஊன்றி ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். முழங்காலுக்கு மேல் நீர் இருந்தாலோ இழுப்பு பலமாக இருந்தாலோ கடக்க வேண்டாம். நடு ஓடையில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் முடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் எஞ்சின் உடையும்.

சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும்போது கயிற்றைச் சட்டகத்தில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டவே கூடாது. அது முறிந்தால் குண்டு போலப் பறந்து ஆளைக் கொல்லும். கயிற்றின்மேல் கனமான ஒரு போர்வையைப் போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள். இரண்டு வண்டிகளாகப் போவதுதான் முறை.

முதல் பயணத்துக்கு உலு யாம் பாருவில் உள்ள சுங்கை செண்டாட் பொழுதுபோக்குக் காட்டுக்குக் கூடாரம் இல்லாமல் ஒரு சனிக்கிழமை காலையில் போய் வாருங்கள். வாசல் வரை தார்ச் சாலைதான். அங்கேயே சார்டின் சம்பலும் சோறும் சமைத்துச் சாப்பிட்டு, எந்தச் சாமான் தேவைப்பட்டது, எது வீண் சுமை என்று பாருங்கள். அடுத்தது உரிமம் பெற்ற தளத்தில் ஓரிரவு. தோட்டச் சாலை அதற்கும் பிறகு, நல்ல வெயில் நாளில். வின்ச் (வண்டியை இழுக்கும் சுருள் கருவி), விளக்கு வரிசை, கூரைக் கூடாரம் என்று இப்போதே செலவு செய்யாதீர்கள். பணத்தை முதலில் நல்ல டயர்களுக்கும், பிறகு உறுதியான இழுவைக் கயிற்றுக்கும், சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் காற்றடிக்கும் கருவிக்கும் ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் கனமான தார்ப்பாய் ஒன்று வாங்குங்கள். அதற்குக் கீழே கட்டினால் விலை குறைந்த கூடாரமே நம் ஊர் மழைக்குப் போதும்.