வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லை, காலேஜ் சேரணும்: வாசகர் கேள்வி – பதில்

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் யாரும் இல்லை. ‘படிச்சது போதும்’ என்கிறார் அப்பா. ‘செலவுக்கு எங்கே போறது’ என்கிறார் அம்மா. பள்ளியில் கேட்டால் ‘ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம்’ என்கிறார்கள். நான் இப்போதே செய்ய வேண்டியது என்ன?
– வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். மார்க் இருந்தும் சீட் கைநழுவுவது பெரும்பாலும் ஒரு சான்றிதழாலோ ஓ.டி.பி.யாலோதான். அதை மே மாதத்தில் சரி செய்ய முடியாது, இப்போது முடியும்.

முதலில் போன் நம்பர். கலந்தாய்வு விண்ணப்பம், இ-சேவை, ஸ்காலர்ஷிப் என எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. வரும். பிரவுசிங் சென்டர்காரரின் நம்பரையோ, வெளியூரில் வேலை பார்க்கும் மாமாவின் நம்பரையோ கொடுத்துவிட்டு, ஒதுக்கீடு வந்த அன்று தவிப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. 18 வயது ஆகாமல் உங்கள் பெயரில் சிம் வாங்க முடியாது. அதனால் அம்மா பெயரில் ஒரு சிம் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நம்பரையே ஆதாரிலும் பதிவு செய்யுங்கள். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பு விட்டுப்போயிருந்தால், ஆதார் மையத்தில் அதையும் அன்றே முடித்துவிடலாம்.

அடுத்தது பெயர். ஆதாரில் இனிஷியல் விரிந்தும் மார்க் ஷீட்டில் சுருங்கியும் இருக்கும்; பிறந்த தேதி ஒரு நாள் மாறியிருக்கும். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு. ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம்.

சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் எடுக்கலாம், ஒன்றுக்கு 60 ரூபாய். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர் வழங்குவதால் நாளாகும், அவர்கள் எல்லோருக்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும் என்பதால் ஏப்ரலில் எடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. மையத்தில் ‘அதுவும் போட்டுரலாம்’ என்றால் தலையாட்ட வேண்டாம். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாக மேலே போகும். மங்கலான ஸ்கேன், விட்டுப்போன ரேஷன் கார்டு பக்கம் போன்ற அற்பக் காரணங்களுக்கும் நிராகரித்துவிடுவார்கள். ஒப்புகைச் சீட்டு எண்ணை வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள்.

இனி செலவு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இதில் சேருபவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிகள்தான். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. ஏழாம் வகுப்பை மட்டும் உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் தகுதி போய்விடும். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் உங்கள் ஏழு வருடமும் சரியாக இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் நீங்கள் உரிமையோடு கேட்க வேண்டியது இந்த ஒன்றுதான்.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்குக்கே வரும். அதைக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அஞ்சல்வழிப் படிப்புக்குக் கிடையாது. அம்மாவிடம் ‘படிக்கணும்’ என்று மட்டும் சொல்லாமல், ‘7.5-ல் சேர்ந்தால் ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் செலவு இல்லை, வருஷம் 12,000 வரும்’ என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்பாவின் மறுப்பு பல வீடுகளில் பணத்தைப் பற்றியதுதான், வேறு பெயரில் வருகிறது. அதற்கும் அசையாமல் 18 வயதுக்குள் கல்யாணப் பேச்சை எடுத்தால் 1098-க்கு அழையுங்கள். கல்வி சார்ந்த சந்தேகங்களுக்கு 14417.

கணக்கில் 62, இயற்பியலில் 54, வேதியியலில் 58 எடுத்திருக்கிறேன். ‘இந்த மார்க்குக்கு இன்ஜினீயரிங் அப்ளிகேஷனே வேண்டாம்’ என்கிறார் வகுப்பாசிரியர். ஓர் ஏஜென்ட் 10,000 ரூபாயும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் கொடுத்தால் சீட் உறுதி என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

இருவரையும் நம்ப வேண்டாம். கட்-ஆஃப் கணக்கை நீங்களே போடலாம். கணக்கு மார்க் அப்படியே, மற்ற இரண்டும் பாதியாக. 62 + 27 + 29 = 118, மொத்தம் 200-க்கு. 118-க்குக் கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்காது. ஆனால் கலந்தாய்வில் இடமே இல்லை என்பது தவறு. கல்லூரி, பாடப்பிரிவு, சாதிப் பிரிவு வாரியாகப் போன ஆண்டு கடைசியாக எந்த மார்க்குக்கு இடம் போனது என்று பொறியியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே பட்டியல் இருக்கிறது. உங்கள் பிரிவில் 110 முதல் 130 வரை போன இடங்களைக் குறித்து வையுங்கள். அரசுப் பள்ளி மாணவர் என்றால் 7.5 சதவீதத்துக்குத் தனித் தரவரிசை. அதில் வாய்ப்பு இன்னும் கூடும்.

ஏஜென்ட் ‘உறுதி’ என்பது பெரும்பாலும் கல்லூரி தானே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் 7.5-ன் கட்டணச் சலுகையும் கிடையாது, முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. இரண்டும் கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்குத்தான். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டால் கலந்தாய்வில் நல்ல இடம் வந்தாலும் போக முடியாமல் கட்டிப்போட்டுவிடுவார்கள். கல்லூரிகளே ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. அப்படியிருக்க ஏஜென்ட் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

விண்ணப்பிப்பதைவிட இடம் தவறுவது விருப்பப் பட்டியலில்தான். எத்தனை விருப்பங்கள் போடலாம் என்பதற்கு வரம்பு இல்லை. பத்து போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று உட்காருவது இந்த மார்க்கில் வாடிக்கை. அறுபது, எழுபது போடுங்கள். வரிசை, உங்களுக்கு எது அதிகம் பிடிக்கும் என்பதன்படி இருக்கட்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்து, கிடைக்கிற முதல் இடத்தைத் தரும். ‘நிச்சயம் கிடைக்கும்’ என்று ஒரு சாதாரணக் கல்லூரியை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும். கீழே உள்ள நல்லது கண்ணுக்கே தெரியாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்லியாக வேண்டும். ஏற்றுச் சேர்வது, ஏற்றபடியே பட்டியலில் மேலே உள்ளதற்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குப் போவது என்று வழிகள் உண்டு. உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வழிதான் பாதுகாப்பு. கெடு முடியும்வரை ஒன்றையும் அழுத்தாமல் இருந்தால் இடம் போய்விடும், பின்னர் முறையிட்டும் பயனில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் மாவட்டத்தில் உள்ள கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போங்கள். இலவசம்.

இதோடு அரசு கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். தமிழ், ஆங்கில இலக்கியங்களுக்கு அந்தந்த மொழி மார்க்கையும், மற்றவற்றுக்கு நான்கு பாடங்களின் 400 மார்க்கையும் பார்ப்பார்கள். அது முதலில் முடியும், பொறியியல் பின்னால் வரும். கலைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு பொறியியல் இடம் வந்தால் டி.சி.யைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். சேரும் அன்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பத்து நகலும் எடுத்துக்கொண்டு பிறகு ஒரிஜினலைக் கொடுங்கள்.

தனியார் பள்ளியில் படித்தேன். ஃபீஸ் பாக்கி இருப்பதால் டி.சி. தர மாட்டேன் என்கிறார்கள். கல்லூரியில் சேர நாள் நெருங்குகிறது.
– வாசகி, சேலம்

பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கக் கூடாது, அதில் பாக்கியைக் குறிப்பிடவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் கூறியிருக்கிறது. வாய்மொழியாகக் கெஞ்சாமல், தலைமையாசிரியருக்கு எழுத்தில் மனு கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தரவில்லையென்றால் அதே நகலோடு மாவட்டக் கல்வி அலுவலகம் போங்கள். இதற்கிடையே கல்லூரியில் நிலைமையைச் சொல்லி, டி.சி. தரக் கொஞ்சம் அவகாசம் எழுத்தில் கேளுங்கள்.

பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயில். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகச் சொல்கிறார்கள். ஒரு வருஷம் வீணா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

வீணாக வேண்டியதில்லை. ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி வரும், அது குறுகிய அவகாசம். அழுது முடிப்பதற்குள் கடந்துபோய்விடும். துணைத் தேர்வில் தேறியவர்களும் சேரும்படி பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளிலும் காலியிடங்கள் இருந்தால் சேரலாம்.

இதைவிட நிதானமான வழி பாலிடெக்னிக். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே முதலாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ தேறிவிட்டால் தகுதியுள்ள பாடப்பிரிவினர் நேரடியாக இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை. அரசுப் பாலிடெக்னிக்கில் செலவு குறைவு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமோவுக்கும் உண்டு. பிளஸ் டூவுக்குப் பின் எங்கும் சேராதவர்களுக்காக நான் முதல்வன் திட்டத்தில் ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கின்றன. கல்லூரி, பாலிடெக்னிக், வங்கி, சான்றிதழ் எல்லாம் ஒரே இடத்தில். வீட்டார் ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். மகன் சொன்னால் கேட்காதவர்கள், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி சொன்னால் கேட்பார்கள்.

கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். தோழிகளுக்கு ஸ்காலர்ஷிப் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. ஆபீஸில் ‘அனுப்பியாச்சு’ என்கிறார்கள்.
– வாசகி, விழுப்புரம்

அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். பணம் வேறு கணக்குக்குப் போயிருக்கும். உதவித்தொகை அக்கவுண்ட் நம்பரைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது. ஓர் ஆதாருக்கு ஒரு கணக்குதான் இணைந்திருக்கும், கடைசியாக இணைத்தது எதுவோ அது. சிம் வாங்கும்போது கடைக்காரர் திறந்துவிட்ட பேமென்ட் வங்கிக் கணக்கு பலருக்கு நினைவிலேயே இருக்காது. ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங்’ (ஆதாரோடு இணைந்த வங்கி) நிலையைப் பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். தவறான வங்கி என்றால், உங்கள் கிளையில் ‘நேரடி மானியத்துக்கு ஆதார் சீடிங்’ என்று குறிப்பிட்டே விண்ணப்பம் கொடுங்கள். வெறுமனே ‘ஆதார் லிங்க்’ என்றால் கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்போடு நிறுத்திவிடுவார்கள்.

வங்கி சரியாக இருந்தும் பணம் வரவில்லையென்றால் கணக்கைப் பாருங்கள். பள்ளியில் திறந்த மைனர் கணக்கை 18 வயதானதும் புதிய கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுத்து மாற்றியாக வேண்டும். இரண்டு ஆண்டு எந்த வரவு செலவும் இல்லையென்றாலும் கணக்கு முடங்கிவிடலாம். முழு கே.ஒய்.சி. இல்லாத சிறு கணக்கில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது.

வயது 24. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக பட்டம் வாங்கலாம் என்கிறார்கள்.
– வாசகர், மதுரை

அரசு வேலை மனதில் இருந்தால் அந்தக் குறுக்குவழி வேண்டாம். பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழ்நாடு அரசுப் பணிக்கு அந்தப் பட்டம் செல்லும். தனித்தேர்வராகப் பிளஸ் டூவை முதலில் முடியுங்கள். கல்வி மாவட்ட அளவிலான அரசுத் தேர்வுச் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் எடுத்துச் செல்லுங்கள். அதன்பின் வேலையை விடாமலே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் சேரலாம்.