வாசகர் கேள்வி – பதில்: அய் யசாவா வரைந்த இளம்பெண்கள்

கே: 'நானா' மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 21 தொகுதிகள் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? அனிமே (அதன் அனிமேஷன் தொடர்) மட்டும் பார்த்தால் போதாதா?
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: முதல் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் அதோடு முடிவுகட்டிவிடாதீர்கள். அதில் இருப்பவை இரண்டு தனிக்கதைகள். ஒன்று நானா கொமாட்சுவுடையது, மற்றது நானா ஒசாகியுடையது. டோக்கியோ போகும் ரயில் பனியில் நின்றுபோய், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும் தன் பெயர்தான், தன்னைப் போலவே 20 வயதுதான் என்று தெரியவருவது இரண்டாம் தொகுதியில். உண்மையான கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது. ஜப்பானிய மொழியில் 'நானா' என்றால் ஏழு. இருவரும் குடியேறும் வீடு ஏழாவது மாடியில், எண் 707, லிஃப்ட் கிடையாது.

மேட்ஹவுஸ் நிறுவனத்தின் அனிமே (2006–07, 47 பகுதிகள்) மங்காவை ஒட்டியே போகிறது, ஆனால் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிடுகிறது. மங்காவுக்கும் முடிவு இல்லை. இதை வரைந்த யசாவா உடல்நலம் குன்றியதால் 2009 ஜூனில் தொடர் நின்றது; 21 தொகுதிகளுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. முடிவு தெரியாமல் தவிப்பவர் என்றால் ஐந்தே தொகுதிகளில் முடியும் அவருடைய 'பாரடைஸ் கிஸ்'ஸை முதலில் படியுங்கள். இரண்டிலுமே உடலுறவு உண்டு. 'நானா'வில் போதைப்பொருளும் வருகிறது. பள்ளிக்கூடத் தங்கைக்கு அப்படியே கொடுத்துவிட வேண்டாம்.

கே: பெரிய கண்கள், ஒட்டடைக்குச்சி போன்ற உடம்பு, விலையுயர்ந்த உடைகள். யசாவாவின் கதைகளை எப்படி யதார்த்தம் என்கிறீர்கள்?
– வாசகர், சேலம்

ப: உருவங்களில் யதார்த்தம் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். அது இருப்பது உறவுகள் முறியும் விதத்தில். 'நானா'வில் வரும் சச்சிகோவைக் கவனியுங்கள். கொமாட்சுவின் காதலன் ஷோஜியோடு ஒரே உணவகத்தில் வேலை செய்யும் பெண். சாதாரணக் காதல் கதையில் இவள்தான் வில்லி. யசாவாவோ அவளை வெட்கப்படும், கவனமாகப் பேசும், நமக்கே பிடித்துப்போகும் பெண்ணாக வரைகிறார். கடைசி ரயிலை வேண்டுமென்றேதான் தவறவிட்டேன் என்று அவள் ஒப்புக்கொள்ளும் இடத்தில் வாசகருக்கு அவள்மீதும் இரக்கம் வருகிறது, அடிபடப்போகும் கொமாட்சுவை நினைத்தும் பதறுகிறது. ஷோஜியும் அயோக்கியன் அல்ல. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாதவன், அவ்வளவுதான். நிஜத்தில் பெரும்பாலான காதல்கள் இப்படித்தானே முறிகின்றன?

ஒசாகியின் கதையும் அப்படியே. அவள் காதலன் ரென் டோக்கியோவுக்குப் போய்ப் பெரிய இசைக்குழுவில் சேர்கிறான். காதல் குறையாமலேயே அவள் அவனோடு போக மறுக்கிறாள். அவனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்க அவளால் முடியாது; அவள் பாட வேண்டும். பிறகு 20 வயதில் கிடாரோடு தனியாக ரயில் ஏறுகிறாள். காதலும் வேலையும் ஒரே பெண்ணை இரண்டு பக்கம் இழுப்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன மங்காக்கள் குறைவு.

கே: ஹச்சி நொபுவை விட்டுவிட்டுத் தகுமியைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ஆறவே இல்லை. ஏன் அப்படிச் செய்தாள்?
– வாசகி, கோவை

ப: (இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள். ஹச்சி என்பது கொமாட்சுவுக்கு ஒசாகி வைத்த செல்லப்பெயர். நொபு ஒசாகியின் இசைக்குழுவில் இருப்பவன், தகுமி ரென் சேர்ந்த குழுவின் தலைவன்.)

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த அத்தியாயங்களை மறுபடி எடுத்து, யார் என்ன தருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஹச்சி கர்ப்பம். குழந்தை யாருடையது என்று அவளுக்கே உறுதியில்லை. கையில் நிலையான வேலை இல்லை. நொபு உண்மையாக நேசிக்கிறான், ஆனால் செய்தி கேட்டதும் இடிந்துபோகிறான். அவன் வீட்டுப் பாரம்பரிய விடுதியை உதறிவிட்டு, இன்னும் காலூன்றாத குழுவில் கிடார் வாசிப்பவன். தகுமி பிற பெண்களிடம் போகிறவன், அதிகாரம் செய்பவன். ஆனால் யாருடைய குழந்தையானாலும் பொறுப்பேற்கிறேன் என்று உடனே சொல்பவன் அவன்தான். பயந்துபோன 20 வயதுப் பெண்ணின் காதில் முதலில் விழுவது எந்தக் குரல்?

யசாவா இதைச் சரி என்றும் சொல்வதில்லை, தப்பு என்றும் சொல்வதில்லை. விலையை மட்டும் காட்டுகிறார். ஹச்சிக்கு வீடு கிடைக்கிறது, 707ஆம் எண் வீடு போய்விடுகிறது. அவள் இழந்ததில் பெரியது நொபுவா, ஒசாகியா என்று யோசித்துப் பாருங்கள். கதை முழுக்க ஹச்சியின் மனக்குரல் வருடங்கள் கழித்துப் பேசுவது யாரை அழைத்து என்று பார்த்தாலே விடை தெரியும்.

கே: இதே பாணியில் தமிழில் ஒரு காதல் காமிக்ஸ் வரைய முயல்கிறேன். பக்கங்கள் நெரிசலாகவே வருகின்றன. என்ன தவறு?
– ஓவிய மாணவர், சென்னை

ப: முதல் காரணம் பலூன்கள், அதாவது பேச்சை எழுதும் குமிழ்கள். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக இறங்கும், அதனால் அங்கே பலூன் உயரமாக, ஒடுங்கலாக இருக்கும். அதே வடிவத்தில் 'சொல்லிக்கொண்டிருந்தேன்' என்று எழுதினால் மூன்றாக ஒடியும். பலூனை அகலமாக்குங்கள், பேச்சுவழக்கில் 'சொல்லிட்டிருந்தேன்' என்று எழுதுங்கள், ஒரு பலூனுக்கு 12 சொற்களைத் தாண்ட வேண்டாம். எழுதிய பிறகு பலூன் வரையுங்கள், வரைந்த பலூனுக்குள் எழுத்தைத் திணிக்காதீர்கள்.

இரண்டாவது மனக்குரல். யசாவா அதைப் பலூனுக்கு வெளியே, வெற்றிடத்தில் விடுகிறார். ஒரே வாக்கியத்தை இரண்டு மூன்று கட்டங்களுக்குப் பிரித்துப் போடுங்கள். நடுவில் ஒரு கட்டத்தில் முகமே வேண்டாம், கோப்பையோ சாவியோ கதவோ போதும். அழுகையைக் காட்ட எல்லாரும் கண்ணை நெருக்கமாக வரைகிறார்கள். பக்கத்துக்கு ஒருமுறைக்கு மேல் அப்படிச் செய்தால் அடுத்த கண்ணீருக்கு வலு இருக்காது.

கட்டங்கள் பக்கத்துக்கு ஐந்துக்குள் இருக்கட்டும். மங்காவைப் பார்த்துக் கட்ட அமைப்பைப் பழகும்போது இடவலம் மாற்றிப் பழகுங்கள். ஜப்பானியப் பக்கம் வலது மேல்மூலையில் தொடங்குகிறது. அதை அப்படியே எடுத்தால், தமிழ் வாசகர் கேள்விக்கு முன்பே பதிலைப் படித்துவிடுவார்.