பல மொழிகள் பேசும் நாட்டில் பழங்குடி மொழிகளைக் காப்பாற்ற முதலில் செய்ய வேண்டியது என்ன?

அந்த மொழி பேசும் ஒருவரை அந்த ஊர்ப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்கு நிரந்தர ஆசிரியராகப் போட வேண்டும். என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் வேலை. விழா, விருது, அகராதி எல்லாம் அப்புறம். இந்தியாவை வைத்தே சொல்கிறேன்.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. 1956இல் சேர்க்கப்பட்டது. ஆனால் எத்தனை ஆசிரியர், எந்த நிதியில், எப்போதுக்குள் என்று எதுவும் அதில் கிடையாது. அதனால் ஒரு மாநிலம் எதுவுமே செய்யாமல் காலம் தள்ளிவிட முடிகிறது.

அரசியலமைப்பில் மொழிகளைப் பட்டியலிடும் எட்டாவது அட்டவணையைப் பாருங்கள். தொடக்கத்தில் 14 மொழிகள், இப்போது 22. சந்தாலியும் போடோவும் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் உள்ளே வந்தன. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தாய்மொழியாகச் சொன்ன, பில் பழங்குடியினரின் பிலி மொழி இன்னும் வெளியேதான் நிற்கிறது. எந்த அளவுகோலில் ஒரு மொழியைச் சேர்ப்பது என்று அரசியலமைப்பில் எங்கும் வரையறுக்கவில்லை. 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளின் நிலை இன்னும் மோசம். கணக்கெடுப்பின் மொழிப் பட்டியலில் அவற்றின் பெயர்கூட வராது, 'பிற' என்ற தலைப்பில் போய்விடும். பெயரே இல்லாத மொழிக்கு யார் பாடநூல் அச்சடிப்பார்கள்?

என்னை அதிகம் வருத்துவது கோண்டியின் கதை. 29 லட்சம் பேர் பேசும் திராவிட மொழி அது, தமிழுக்கு உறவு. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தமிழருக்கும் தெலுங்கருக்கும் மராத்தியருக்கும் சொந்த மாநிலம் கிடைத்தது. கோண்டுகளின் நிலமோ இன்றைய மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், தெலங்கானா, ஒடிசா என்று சிதறிப்போனது. ஒரே மொழி பேசும் குழந்தைகளில் ஒருத்தி தெலுங்கில் படிக்கிறாள், ஒருத்தி மராத்தியில், இன்னொருத்தி இந்தியில். எழுத்தும் இடத்துக்கு இடம் வேறு. இப்படி இருந்தால் எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு கதைப் புத்தகம் போடுவதே பெரும்பாடு. எங்கும் அவர்கள் சிறுபான்மை, அதனால் எந்த மாநிலத்துக்கும் அது அவசர வேலையாகத் தோன்றுவதில்லை. இந்த மாநிலங்கள் சேர்ந்து ஒரு பொதுப் பாடநூல் குழு அமைக்காமல் கோண்டிக்கு விடிவு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

முடியாத காரியமா என்றால், இல்லை. ஒடிசா 2006–07 வாக்கில் சந்தாலி, சவரா, குயி, கோயா உட்பட 10 பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளைத் தொடங்கியது. முதலில் வீட்டு மொழி, பிறகு படிப்படியாக ஒடியா, ஆங்கிலம். 'எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் வேண்டும்' என்று கேட்கும் பெற்றோருக்கும் இந்த ஏற்பாட்டில் பதில் இருக்கிறது. அவர்கள் கேட்பது நியாயமானது, ஆங்கிலத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யக் கூடாது. ஆனால் ஆசிரியர் பேசுவதே புரியாமல் முதல் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கும் குழந்தை எந்த மொழியையும் ஒழுங்காகக் கற்காது. அது படிப்பையே விட்டுவிட்டுப் போய்விடவும் கூடும்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். 1938இலும் 1965இலும் மொழிக்காகத் தெருவில் இறங்கியவர்கள் நாம், உயிரும் கொடுத்திருக்கிறோம். அந்த நியாயம் நீலகிரியில் வாழும் தோடருக்கும் கோத்தருக்கும் உண்டுதானே? அவர்களுடைய இரண்டு மொழிகளையும் கடும் அழிவு நிலையில் உள்ளவையாக யுனெஸ்கோ வரைபடம் குறித்திருக்கிறது. டெல்லி நமக்குச் செய்யக் கூடாது என்று நாம் சொன்னதை நாம் அவர்களுக்குச் செய்துகொண்டிருக்கக் கூடாது. அவர்கள் தமிழ் படிக்கட்டும், ஆங்கிலமும் படிக்கட்டும். கூடவே, தோடர் குடியிருப்புகளான மந்துகளையும் கோத்தர் ஊர்களையும் சேர்ந்த இளைஞர்களுக்கு ஆசிரியர் பயிற்சியில் தனி இடம் ஒதுக்கி, படித்து முடித்ததும் பக்கத்துப் பள்ளியிலேயே நிரந்தர வேலை கொடுக்க வேண்டும். மிகச் சிறிய சமூகங்கள் என்பதால் தேவைப்படும் ஆசிரியர்களும் சிலர்தான். ஒரு மாநிலத்தின் கல்விச் செலவில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, அவர்களைச் சம்பளம் கொடுத்து வகுப்புக்கு அழைத்து, கதையும் பாட்டும் சொல்ல வைத்துப் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.